ஏழாவது பாட்டின் கடைசி அடி

எங்கள் பாண்டின் முதல் ஆல்பத்தில் ஏழாவது பாட்டின் முடிவில் கிளாட்வின் போட்ட கத்தல், பாட்டு முடிந்த பிறகும், கிளாட்வின் வாயை மூடிய பிறகும், அவன் கிதாரை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிய பிறகும், தூத்துக்குடி பண்டகசாலைத் தெருவில் இருந்த உப்புக் குடோனை விட்டுப் போகவில்லை. தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில், மைக் இருந்த அதே இடத்தில், அது பதினேழு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை; அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு எல்லோரும் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்ட வீட்டைப் போல, தெருவைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை முடித்துவைத்திருக்க வேண்டியவள் நான். நான்தான் டிரம்ஸ்.

பாண்டின் பெயர் ‘ஞாயிறு சாயங்காலம்’. கிளாட்வின் மச்சாடு பாட்டும் கிதாரும், இசக்கி பேஸ் கிதார், மெடில்டாவாகிய நான் டிரம்ஸ். மூன்று பேரும் கல்லூரி இரண்டாம் வருஷம். எமோ என்று சோகத்தைக் கத்திப் பாடுகிற ஒரு வகை இசை இருப்பதை பிரவுசிங் சென்டரில் கண்டுபிடித்து, ஒரு கண்ணை மறைக்கிற மாதிரி முடியை விட்டு, தூத்துக்குடி வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு, என் அம்மாவின் கண்மையை மூன்று பேரும் பங்கு வைத்துப் பூசிக்கொண்டு அலைந்தோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வியர்வையில் மை கரைந்து கன்னத்தில் ஓடிவிடும், அதனால் அழுவதுபோல நடிக்க வேண்டிய வேலை எங்களுக்கு இருந்ததே இல்லை. எங்கள் பாட்டுகளில் யாராவது ஒருவர் “என்ன ஆச்சு?” என்று கேட்பார், இன்னொருவர் “ஒன்றுமில்லை” என்பார்; ஏழு பாட்டிலும் நடந்தது அவ்வளவுதான். ஆல்பத்தின் பெயரும் ‘எனக்கு ஒன்றுமில்லை’. இருநூறு சிடி போட்டோம், நாற்பத்தொன்று விற்றது, மீதியைக் கருவாடு காயப்போடுகிற இடத்தில் காக்கா விரட்டுவதற்குக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

குடோன் இசக்கியின் பெரியப்பாவுடையது. உப்பு மூட்டைகளை மூன்று பக்கமும் சுவர்போல அடுக்கினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவன் இசக்கி. அங்கேதான் இரண்டே நாளில் முழு ஆல்பத்தையும் பதிவுசெய்தோம். ஏழாவது பாட்டு, ‘கேட் மூடியாச்சு’, கிளாட்வின் நீளமாகக் கத்த, நான் கிராஷ் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டில் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்து முடிய வேண்டும். கிளாட்வின் கத்தினான். நான் குச்சியை ஓங்கினேன். ஓங்கியபடியே இருந்தேன். அவன் கத்திக்கொண்டே இருந்தான். டேப் தீர்ந்து மெஷின் ‘டக்’ என்று நின்றது. கிளாட்வின் மூச்சு முட்டி வாயை மூடினான், நான் குச்சியை மெதுவாக மடியில் வைத்தேன், கத்தல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. “பரவால்ல, சிடியில சத்தத்தக் கொஞ்சங்கொஞ்சமா கொறச்சுருவோம்” என்றான் இசக்கி. அப்படித்தான் குறைத்தோம். சிடியில் குறைந்தது, குடோனில் குறையவில்லை.

முதல் வாரம் புகார் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து ஒலிபெருக்கியைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லாததால் எதைப் பறிமுதல் செய்வது என்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார். கரண்ட் ஆபீசிலிருந்து வந்தவர் மீட்டரைப் பார்த்து, இந்தச் சத்தம் கரண்டில் ஓடவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொடுத்தார். மாதா கோவில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் கத்தலுக்குள் போய் மறுபக்கம் விழுந்தது. இசக்கியின் பெரியப்பா மூட்டைகளை வேறு குடோனுக்கு மாற்றிவிட்டு எங்கள் மூன்று பேரையும் மூன்று நாள் திட்டினார். அதன் பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குக் ‘கத்தல் ஸ்டாப்’ என்று பெயர் வந்தது, கண்டக்டர்கள் விசில் ஊதிச் சொன்னார்கள், டிக்கெட் வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே வாங்கினார்கள்.

அதை உபயோகப்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவள் சந்தனமாரி. உப்பு மூட்டை தலைச்சுமை தூக்குகிறவள், அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்றைக்கு மேஸ்திரி அவளுடைய மூட்டை கிழிந்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் ஏதோ சொல்லியிருக்கிறான். அவள் பதில் சொல்லவில்லை, அவள் எப்போதும் பதில் சொன்னதில்லை. மிச்சமிருந்த காலிச் சாக்குகளை எடுக்கக் குடோனுக்குள் வந்தவள், மூச்சு வாங்க, கத்தல் தொங்கிய இடத்தில் தற்செயலாக நின்று வாயைத் திறந்தாள். கத்தல் அவள் வாய்க்குள் வந்து சரியாக உட்கார்ந்தது. வெளியே நின்றவர்கள் பார்த்ததெல்லாம், சந்தனமாரி கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள் என்பதுதான். இருபது எண்ணுகிற நேரம் அப்படியே நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, “யம்மா, இப்பந்தான் சோறு எறங்கும் போலிருக்கு” என்றாள்.

மறுநாள் நாலு பெண்கள் வந்தார்கள். அடுத்த வாரம் நாற்பது. ஒரு மாதத்தில் அது வழக்கமாகி, வழக்கத்துக்குச் சட்டங்களும் வந்துவிட்டன: செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், இருபது எண்ணும் வரைதான் வாயைத் திறக்கலாம், யாருக்காக என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது, செவ்வாய்க்கிழமை முழுக்கப் பெண்களுக்கு. சந்தனமாரி மூட்டை தூக்குவதை விட்டுவிட்டுக் குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சோடா மூடிகளில் நம்பர் எழுதி டோக்கன் கொடுத்தாள். புதுப்பெண்கள் வந்தார்கள், மாமியார்கள் வந்தார்கள், இரண்டு பேரும் ஒரே வரிசையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கோர்ட்டு குமாஸ்தா மதிய இடைவேளையில் வந்தார், தீர்த்தம் தெளித்த சாமியார் பின்வாசல் வழியாக வந்தார், திட்டிய பெரியப்பா மாதம் ஒருமுறை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வீடுகளில் “எங்க போற?” என்று கேட்டால் “குடோனுக்குப் போயிட்டு வாரேன்” என்றால் போதும். போய்விட்டு வந்தவர்களிடம் “என்ன ஆச்சு?” என்று கேட்டால் “ஒன்னுமில்ல” என்பார்கள், எங்கள் ஆல்பம் நாற்பத்தொன்றுதான் விற்றது, ஆனால் அதன் தலைப்பை ஊரே பாடிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷம் எங்கள் தெருவில் ஒரு கதவும் அறைந்து சாத்தப்படவில்லை. ஒரு தட்டும் பறக்கவில்லை.

நான் ஒருநாளும் அங்கே போய் வாயைத் திறந்ததில்லை. குற்றம் செய்தவளே போய் டோக்கன் வாங்குவதா? எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். “மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க” என்று நாளுக்கு ஐம்பது பேரிடம் சொல்கிறேன். அந்த நாலாவது வார்த்தையைச் சொல்ல மறந்துவிடுவேனோ, உள்ளே நிற்கிற ஆள் நான் சொல்லுகிறேன் என்பதற்காகவே பிடித்த மூச்சை விடாமல் நீலம் பாய்ந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவையும் பதறுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் கணவர் செல்வின், தங்கமான மனுஷன், “ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு, என்னாச்சு?” என்பார். “ஒன்னுமில்ல” என்பேன். கல்யாணத்தின்போது, பெண் வரலாம், டிரம்ஸ் வரக்கூடாது என்று அவர்கள் வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்றுகூட நான் கேட்கவில்லை. டிரம்ஸ் இசக்கியின் பேக்கரிப் பரணில், முந்திரிப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது.

கிளாட்வினுக்கு நடந்ததுதான் மோசம். பதிவு முடிந்த மறுநாளிலிருந்தே அவனால் சத்தமாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. சாதாரணமாகப் பேசுவான், அதற்கு மேல் போனால் வெறும் காற்று வரும். ஆல்பம் வந்தபின் நடந்த முதல் கச்சேரியில் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது, எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் எங்களைப் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கினான். பாண்ட் அன்றோடு முடிந்தது. ஓட்டலில் சர்வரைக்கூடக் கூப்பிட முடியாதவன், யாரும் யாரையும் கூப்பிடாத வேலையாகப் பார்த்துத் தேடி, ஓமன் நாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். அங்கே எல்லாம் கை சைகைதான்.

பதினேழாவது வருஷம் மே மாதம், எக்ஸ்ரே அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, இடது காலை லேசாக இழுத்தபடி உள்ளே வந்தது. பின்னால் நரைத்த முடியோடு கிளாட்வின்.

“மெடில்” என்றான், அதே தணிந்த குரலில். “எம்மவ. ரூபி. கால் எலும்பு ஒழுங்கா சேந்திருக்கான்னு பாக்கணும்.”

“எப்படி ஆச்சு?”

அவன் மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். “கடை வாசல்ல கார் நிறுத்துற எடம். நா சாமான் எடுத்து வச்சுக்கிட்டு இருக்கேன், இவ அங்குட்டு நடந்து போறா. பின்னால ஒரு வண்டி ரிவர்ஸ்ல வருது. முப்பது அடிதான் மெடில். ரூபின்னு ஒரு சத்தம் போட்டா திரும்பியிருப்பா. வாயத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு.”

நான் மெஷினைச் சரிசெய்தேன். கால் எடுக்க மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை, ஆனாலும் வாய்ப் பழக்கத்தில் “பிடிச்சுக்கோ... விடு” என்றேன். பிள்ளை, “ஆன்ட்டி, விட்டுட்டேன்” என்று கிசுகிசுத்தது. அதற்கு அவ்வளவுதான் சத்தம். அவர்கள் வீட்டில் யாரும் யாரையும் உரக்கக் கூப்பிட்டதில்லை, அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், அவளும் மெதுவாகப் பேசிப் பழகியவள். கூப்பிடுவது எப்படி என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டவில்லை.

“எலும்பு சேந்துட்டு” என்றேன். “இழுத்து நடக்குறது போகப்போக சரியாயிரும்.”

“அடுத்த தடவை கூப்பிட முடியணும் மெடில்” என்றான் கிளாட்வின். “எனக்கு எங் கத்தல் வேணும். அது முடியாமத் தொங்குறதுனாலதான எனக்குக் குரல் வரல, பாட்ட முடிச்சுத் தாங்க.”

அன்று மத்தியானமே இசக்கியின் பேக்கரிக்குப் போனோம். இசக்கி இப்போது மக்ரூன் போடுகிறான். பேஸ் கிதார் பிடித்த கையால் முட்டை வெள்ளையை நுரைக்க நுரைக்க அடித்துக்கொண்டே பேசினான். “பாட்ட முதல்லருந்து வாசிச்சு, கடைசி அடிய அடிச்சா முடிஞ்சிரும். அதுல ஒரு சந்தேகமும் இல்ல. எனக்கு இருக்கிற சந்தேகம் என்னன்னா, அன்னைக்கு ஏம்ல முடியல?”

பதினேழு வருஷம் மூடி வைத்திருந்ததைச் சொன்னேன். “நான் அடிச்சிருக்கணும். அடிக்கல. இவன் வாய மூடுவான், மூடுனதும் அடிக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

கிளாட்வின் என்னையே பார்த்தான். “நீ அடிப்ப, அடிச்சதும் வாய மூடலாம்னு நாங் காத்துக்கிட்டு இருந்தேன். மூச்சு பத்தாமப் போச்சு, எங் குத்தம்னுதான் இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

விஷயம் இதுதான். நாங்கள் இருவரும் இசை படித்தது மாதா கோவில் பாடகர் குழுவில், சைமன் வாத்தியாரிடம். அவர் வெள்ளிக்கிழமை பாடுகிறவர்களுக்கும் சனிக்கிழமை வாசிக்கிறவர்களுக்கும் தனித்தனியாகப் பயிற்சி வைப்பார். வெள்ளிக்கிழமை, “தாளம் முடியாம வாய மூடுனா அது சாமிக்கு அவமரியாத” என்பார். சனிக்கிழமை, “பாடுறவன் வாய மூடாம அடிய முடிக்கிறவன் இங்க வேண்டாம்” என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவரே தலையை ஆட்டி முடித்துவைப்பார், அதனால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. குடோனில் தலையாட்ட அவர் இல்லை.

“நான் உங்க ரெண்டு பேரு மூஞ்சியயும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நின்னேன்” என்றான் இசக்கி. “இந்து வீட்டுப் பையன், கோவில் விவகாரம், நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.” சிரித்தோம். சிரித்து முடித்ததும் மூன்று பேருக்கும் அடுத்த பயம் ஒரே நேரத்தில் வந்தது: இதை ஊரிடம் யார் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை, பேக்கரியில் பாக்கெட் கட்டுகிற பெண்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், ஆறு மணிக்கு ஊருக்கே தெரிந்திருந்தது. மறுநாள் குடோன் வாசலில் வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டியது. கடைசியாக ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை என்று ஒருவரே மூன்று டோக்கன் வாங்கினார்கள். சிலர் இனி வரப்போகிற கோபத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாயைத் திறந்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசிப்பது என்று நாள் குறித்ததும் இன்னொரு பேச்சு கிளம்பியது: பதினேழு வருஷமாக இத்தனை பேர் இத்தனை பேருக்காக அதற்குள் போட்டது என்ன ஆகும், முடிகிற நேரத்தில் அவ்வளவும் மொத்தமாக வெளியே வந்தால்?

புயல் எச்சரிக்கைக்குச் செய்வதையெல்லாம் ஊர் செய்தது. ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப் பாயில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள். பாத்திரக்கடையில் மேல்தட்டுச் சாமான்கள் தரைக்கு இறங்கின. இதயக் கோளாறு உள்ளவர்களைத் திருநெல்வேலி சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு லீவு ரத்து, நான் மட்டும் காரணம் சொல்லி வாங்கினேன். சமீபத்தில் கல்யாணமானவர்கள்தான் ரொம்பப் பயந்தார்கள், அவர்கள் ஒருவர் கத்தி மற்றவர் கேட்டதே இல்லை. மளிகைக்கடையில் ஒரு பெண் தன் புருஷனிடம், “நமக்குள்ள சண்டை வந்தா எப்படிங்க போடணும்?” என்று உண்மையாகவே கேட்டாள். அவன் கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் புளியை நிறுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சந்தனமாரி கிளாட்வினைக் கூப்பிட்டனுப்பினாள். ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள், மடியில் சோடா மூடிகள். நானும் கூடப் போனேன்.

“தம்பி, ஓம் புள்ளயக் கூப்பிடுததுக்கா கேக்க?” என்றாள்.

“ஆமாக்கா.”

“அப்ப அது ஒஞ் சாமான். வச்சுக்கோன்னு நான் சொல்ல முடியாது, தர மாட்டேன்னும் சொல்ல முடியாது.” மூடிகளை விரலால் அளைந்தாள். “ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எனக்கு அறுபத்திரெண்டு வயசு. சொந்தமா ஒரு தடவ கூட நான் கத்துனதில்ல. புருஷன் அடிச்சப்போ கத்தல, மேஸ்திரி பேசுனப்போ கத்தல. ஓங் கத்தல வச்சுத்தான் நான் மனுசியா நடமாடுதேன். நீ எடுத்துக்கிட்டுப் போயிட்டா, செவ்வாக்கெழம வாரவளுகளுக்கு நான் என்னத்தய்யா குடுப்பேன்?”

கிளாட்வின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். நானும் பின்னால் போனேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன்: முடிப்பது அவன் அல்ல, குச்சி என் கையில்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குக் குடோனில் நிற்க இடமில்லை. இசக்கி பழைய மாதிரியே உப்பு மூட்டை அடுக்கியிருந்தான். என் டிரம்ஸில் முந்திரி வாசனை வந்தது. கிளாட்வின் ஒரு டப்பாக் கண்மை வாங்கி வந்திருந்தான். நாற்பதை எட்டப்போகிற மூன்று பேரும் கூச்சத்தோடு பூசிக்கொண்டோம். முன்வரிசையில் சந்தனமாரி, அவளுக்குப் பின்னால் காதில் பஞ்சு வைத்துக்கொண்ட முந்நூறு பேர். ரூபி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். செல்வின் கதவோரத்தில் நின்றிருந்தார், நான் வாசித்து அவர் பார்த்ததே கிடையாது.

ஒன்றாவது பாட்டிலிருந்து வரிசையாக வாசித்தோம். கிளாட்வின் பேசுகிற குரலிலேயே பாடினான், தலைக்குமேல் அவனுடைய இருபது வயதுக் கத்தல் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு வாசித்தேன், வேகம் குறைத்தேன், எனக்கு முழங்கால் வலித்தது, இசக்கி மூன்றாவது பாட்டின் பாதியை மறந்துபோய் நான்காவது பாட்டை வாசித்தான். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஏழாவதற்குக் காத்திருந்தார்கள், ஆறாவது பாட்டில் இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். ரூபியும் காதைப் பொத்திக்கொண்டு மூட்டையிலிருந்து இறங்கி நழுவுவதைப் பார்த்தேன்.

‘கேட் மூடியாச்சு’ ஆரம்பித்தது. கடைசி வரி வந்தது. கிளாட்வின் ஒரு எட்டு முன்னால் வைத்து, கத்தல் தொங்கிய இடத்துக்கு நேராக நின்று, வாயைத் திறந்தான்.

அது இறங்கி அவனுக்குள் போனது. சத்தம் இரண்டு மடங்கானது, மூட்டைகளிலிருந்து உப்பு உதிர்ந்தது, என் சிம்பல் தானாக நடுங்கியது. நான் குச்சியை ஓங்கினேன். அங்கேயே என் கை மறுபடியும் உறைந்தது. அவன் வாயை மூடட்டும் என்று என் கை காத்தது, பதினேழு வருஷத்துக்கு முந்தைய சனிக்கிழமைகள் அத்தனையும் என் தோளைப் பிடித்துக்கொண்டன. எதிரே சந்தனமாரி மடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளிடமிருந்து இதைப் பிடுங்க நான் யார் என்று நினைத்தேன். அடிக்காமல் விட்டால் என்ன, இன்னொரு பதினேழு வருஷம் ஓடட்டும், எல்லோருக்கும் பழகிய ஒன்றுதானே என்றும் நினைத்தேன், மறைப்பானேன். அப்போது கிளாட்வின் கத்தியபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். முகம் நீலம் பாய்ந்திருந்தது. அந்தப் பார்வையை நான் நாளுக்கு ஐம்பது தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லுவேன் என்று நம்பி, அசையாமல் நிற்கிறவர்களின் பார்வை.

“விடுங்க!” என்று அலறிக்கொண்டு சிம்பலில் ஓங்கி அடித்தேன்.

அவன் வாயை மூடினான். கத்தல் முடிந்தது.

முந்நூறு பேரும் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கி, வரப்போவதற்குக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. முதலில் மின்விசிறி கேட்டது. பிறகு எங்கேயோ சொட்டுகிற குழாய். பிறகு கடல், பதினேழு வருஷமாக இரண்டு தெரு தள்ளிக் கடல் இருப்பது எங்களுக்குக் கேட்கவே இல்லை. பஞ்சை எடுத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தனமாரி மெதுவாக எழுந்து வந்து, கத்தல் இருந்த இடத்தில் நின்று, வாயைத் திறந்தாள். காலியாக இருந்தது. அவள் வாயை மூடவும் இல்லை.

“ரூபி எங்க?” என்றான் கிளாட்வின்.

வெளியே முற்றத்தின் கடைசியில், ரோட்டைப் பார்த்த இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், உப்புக் குவியலில் கால் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நூறு அடி இருக்கும். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கிளாட்வின் வாசலில் போய் நின்றான், நாங்கள் எல்லோரும் பின்னால் கூடினோம்.

“கூப்பிடுல” என்றான் இசக்கி.

“வரலேன்னா?” கிளாட்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான். “மறுபடியும் காத்து வந்தா?”

“கூப்பிடு” என்றேன்.

அவன் மூச்சை இழுத்தான். “ரூபீ!”

பெரிய, கரகரத்த, நாற்பதை எட்டப்போகிற ஆணின் குரல். சுவரில் இருந்த புறாக்கள் கலைந்தன. பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் அப்பாவின் உரத்த குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. பயந்து கேட்டை நோக்கி ஒரு எட்டு வைத்தாள்.

“ரூபீ! இங்க, இங்க பாரு! அப்பா!”

இந்தத் தடவை திரும்பினாள். அவன் வாய் அசைவதையும் சத்தம் வருவதையும் சேர்த்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா செய்த மாதிரியே காலை அகட்டி வைத்து, மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏழு வருஷமாகக் கிசுகிசுத்தே வளர்ந்த அந்தப் பிள்ளை கத்தினாள்.

“என்னப்பா...!”

முற்றம் முழுக்க அது அடித்துத் திரும்பியது. பிள்ளைக்கே ஆச்சரியம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளாட்வின் படியில் உட்கார்ந்துவிட்டான், மை வழிய வழிய அழுதான். பிள்ளை காலை இழுத்து இழுத்து ஓடிவந்தாள்.

எனக்குப் பக்கத்தில் சந்தனமாரி நின்றிருந்தாள். பிள்ளை நின்ற இடத்தையும் பிள்ளையின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள், பிள்ளை வைத்த மாதிரியே. வாயைத் திறந்தாள். முதலில் இருமல் வந்தது. அப்புறம் துருப்பிடித்த கதவு மாதிரி ஏதோ ஒன்று. மூன்றாவது தடவை, “ஏல மேஸ்திரீ...!” என்று வந்தது. அந்த ஆள் செத்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மடியிலிருந்த சோடா மூடிகளை முற்றத்தில் வீசியெறிந்துவிட்டு, வரிசையில் நின்று பழகிய பெண்களைப் பார்த்து, “இனி டோக்கன் கெடையாது. போங்கடி, அவளவ வீட்டுல போய்க் கத்துங்க” என்றாள்.

போனார்கள். விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே டெய்லர் வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து எங்கேயோ ஒரு எவர்சில்வர் தட்டு உருண்டது. பழக்கமில்லாத குரல்கள், கம்மியும் கீச்சிட்டும், தெரு முழுக்க ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. மளிகைக்கடையில் பார்த்த அந்த இளம் ஜோடியின் வீட்டைத் தாண்டும்போது, அவள் ஏதோ கத்த, அவன் “கொஞ்சம் மெதுவா, முதல்லருந்து சொல்லு” என்றது கேட்டது. நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

செல்வின் எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து காப்பி போட்டிருந்தார். நான் படியேறினேன், கையில் குச்சிகள், கன்னத்தில் மை.

“ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். “என்னாச்சு?”

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். வாயைத் திறந்தேன்.

“என் டிரம்ஸ் இந்த வீட்டுக்கு வரக்கூடாதுன்னு சொன்னது யாருங்க?”

ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.